ஆறு துறை, ஒரு மேசை, நான்கு மைக்: வாசகர் கேள்வி – பதில்

நகரங்களின் எதிர்காலம் பற்றிப் பல துறையினர் கூடிப் பாட்காஸ்ட் தயாரிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். நகரமைப்பு தெரிந்த ஒருவரும் ஒலித்தயாரிப்பு தெரிந்த ஒருவரும் சேர்ந்து எழுதியது.

கேள்வி: கட்டடக்கலை, நீரியல், பொதுச் சுகாதாரம், பொருளியல், சமூகவியல், கணினி என ஆறு துறைகளிலிருந்து ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். மூன்று கூட்டம் முடிந்தும் முதல் அத்தியாயத்தின் தலைப்புகூட முடிவாகவில்லை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் பிடிபடவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பை ஒத்திவையுங்கள், சொற்களிலிருந்து தொடங்குங்கள். புரியாத சொல் வந்தால் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எல்லோருக்கும் புரிந்ததுபோல் தோன்றும் சொல்லைத்தான் யாரும் கேட்பதில்லை. தொல்லை அங்கேதான்.

'அடர்த்தி'யையே எடுத்துக்கொள்வோம். கட்டடக் கலைஞர் மனதில் இருப்பது தளப்பரப்புக் குறியீடு: மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டியிருக்கிறது என்ற கணக்கு. நகரமைப்பாளருக்கு அது ஹெக்டேருக்கு எத்தனை பேர் என்பது. பொதுச் சுகாதாரம் படித்தவருக்கோ ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பது. இம்மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைக்காதீர்கள். நாற்பது மாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு இரண்டு பேர் இருந்தால் ஹெக்டேர் கணக்கு எகிறும், அறைக்கணக்கு தரையிலேயே இருக்கும். ஒற்றைத் தளக் குடிசைப் பகுதியில் தளப்பரப்புக் குறியீடு ஒன்றைத் தொடாது, ஓர் அறையில் ஆறு பேர் படுத்திருப்பார்கள். "அடர்த்தி கூடினால் நோய் பரவும்" என்கிறார் ஒருவர். "அடர்த்தி இருந்தால்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட முடியும்" என்கிறார் மற்றவர். கேட்பவருக்கு இது சண்டையாகத் தெரியும். இரண்டும் சரிதான், இருவரும் பேசுவது வேறு வேறு அடர்த்தியைப் பற்றி.

'மீள்திறன்' இன்னும் வம்பு பிடித்த சொல். வெள்ளம் வடிந்தபின் பம்ப் நிலையம் எத்தனை மணி நேரத்தில் பழையபடி ஓடுகிறது என்று பொறியாளர் அளப்பார். சூழலியலில் ஹாலிங் 1973இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அதற்கு வேறு பொருளும் வந்துவிட்டது: ஓர் அமைப்பு வேறொன்றாக உருமாறிவிடாமல் எவ்வளவு அடி தாங்கும் என்பது. சமூகவியல்காரர் இடைமறித்து, பழைய நிலைமையே மோசமாக இருந்தவர்கள் ஏன் அதற்கே மீள வேண்டும் என்பார். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

'நூறாண்டு வெள்ளம்' என்பதைப் பொதுமக்கள் மட்டுமல்ல, குழுவில் பாதிப்பேரும் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்றே நினைத்திருப்பார்கள். ஆண்டுதோறும் வர 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே பொருள். அப்படிப் பார்த்தால் முப்பது ஆண்டு கடன் வாங்கி வீடு கட்டியவர், கடன் தீருவதற்குள் அதை ஒருமுறையாவது பார்க்க 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த 1 விழுக்காடும் கடந்தகால மழைப் பதிவிலிருந்து எடுத்தது. மழையின் போக்கே மாறினால் அந்தக் கணக்கும் செல்லாது.

செய்யவேண்டியது இது. ஒவ்வொருவரும் தம் துறையில் மற்றவர்கள் தவறாகப் பயன்படுத்தும் ஐந்து சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். அட்டையைப் பக்கத்திலிருப்பவர் வாங்கி, தான் புரிந்துகொண்ட பொருளைப் பின்புறம் எழுதட்டும். பிறகு சத்தமாகப் படியுங்கள். முப்பது அட்டையில் பன்னிரண்டு தேறினால் அதிகம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பொருளும், ஒலிபரப்பில் சொல்லப்போகும் சொல்லும் முடிவு செய்து ஒரே தாளில் எழுதி, பதிவின்போது மேசைமேல் வையுங்கள். இரண்டு மணி நேர வேலை.

தலைப்பு அதற்குப் பிறகு தானாக வரும். அது ஒரு கேள்வியாக இருக்கட்டும். பதில் சொல்லக் குறைந்தது இரண்டு துறைகள் வேண்டும், அவற்றில் இரண்டு துறைகளாவது ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். 'போக்குவரத்தின் எதிர்காலம்' என்பது மூட்டை. எதைப் போட்டாலும் கொள்ளும். 'தெருவோரம் நிற்கும் கார்களை எடுத்துவிட்டால் அந்த இடம் யாருக்குப் போகும்?' என்பது கேள்வி. ஒரு கார் நிற்கச் சுமார் 12 சதுர மீட்டர் வேண்டும். மரம் வைக்கவா, மழைநீர் இறங்கவா, நடைபாதைக்கா, கடை போடுபவருக்கா என்று ஆறு பேரும் மோதிக்கொள்வார்கள்.

கேள்வி: 2050இல் நகரம் எப்படி இருக்கும் என்று பேசினால் ஜோசியம்போல் ஆகிவிடுகிறது. பறக்கும் கார், செங்குத்துத் தோட்டம் என்று போய்விடுகிறோம். எதிர்காலத்தைப் பொறுப்போடு பேசுவது எப்படி?

ஏற்கெனவே முடிவாகிவிட்ட எதிர்காலத்திலிருந்து தொடங்குங்கள். கட்டடம் ஐம்பது, நூறு ஆண்டு நிற்கும். நிலத்தடிக் குழாயும் அப்படியே. தெருவின் கோடு இரண்டையும்விட நீண்ட ஆயுள் கொண்டது. பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு இல்டெஃபோன்ஸ் செர்தா 1859இல் வரைந்த திட்டத்தில் மனைக்கட்டம் ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 113 மீட்டர், மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டவை. அன்றைக்குக் கார் என்ற பொருளே இல்லை. இன்று அங்கே மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களைச் சேர்த்து, ஏறத்தாழ 400 மீட்டர் சதுரத்துக்குள் ஊடுருவிப் போகும் வண்டிகளைத் தடுக்கும் 'சூப்பர் பிளாக்' முயற்சி நடக்கிறதென்றால், அதுவும் அந்தப் பழைய கோட்டின்மேல்தான். 2050இல் நிற்கப்போகும் கட்டடங்களில் பல இப்போதே நம் கண்முன் நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது பறக்கும் காரைவிட நல்ல தலைப்பு.

முடிவானதை மாற்றியவர்களும் உண்டு. தென்கொரியாவின் சோல் நகரில் செயோங்கியேசியோன் ஓடையை மூடி, அதன்மேல் போட்டிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர் இதைப் பெருமையாகச் சொல்வார். அந்த ஓடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றப்படுகிறது என்று நீரியல்காரர் சொல்வார். இருவரையும் ஒரே அத்தியாயத்தில் பேசவிடுங்கள்.

அடுத்தது கணிப்பு எண்கள். ஐ.நா.வின் 2018 நகரமயக் கணக்கீடு அப்போது உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்றது. 2050இல் 68 ஆகும் என்றது. அதில் டோக்கியோ 3.7 கோடிப் பேருடன் உலகின் மிகப்பெரிய நகரம். 2025 பதிப்பிலோ ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடியுடன் முதலிடம், டாக்கா இரண்டாமிடம், டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடம். ஏழே ஆண்டில் ஜகார்த்தாவுக்கு மூன்று கோடிப் பேர் குடிபெயர்ந்துவிடவில்லை, மாறியது அளவுகோல். முன்பு அந்தந்த நாடு சொன்ன எல்லையை வைத்து எண்ணினார்கள். இப்போது நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் அடுத்தடுத்து இருந்து, மொத்தம் 50,000 எட்டினால் அதை நகரம் என்கிறார்கள். இரண்டு பதிப்பின் எண்களையும் அருகருகே வைத்து 'வளர்ச்சி' என்று சொன்னால் அத்தியாயமே பிழையாகிவிடும். எண்ணைச் சொல்லும்போது எந்த ஆண்டின் பதிப்பு, எது எல்லை என்பதையும் சொல்லுங்கள்.

உண்மையிலேயே தெரியாத பகுதிக்குக் கணிப்பு வேண்டாம், சூழ்நிலைகளைப் பேசுங்கள். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததும் போனால் பெரிதாக மாற்றுவதுமான இரண்டு காரணிகளை எடுங்கள். எடுத்துக்காட்டாக, வேலைக்காக ஊருக்குள் வருபவர் எண்ணிக்கை ஒன்று, கோடை வெப்பம் ஒன்று. இரண்டுக்கும் இரண்டு நிலை வைத்தால் நான்கு நகரங்கள் கிடைக்கும். நான்கையும் ஒரே வீட்டின் ஒரே காலைப்பொழுதாக எழுதுங்கள்: தண்ணீர் எப்போது வருகிறது, பாட்டி எப்போது வெளியே போகிறார், பிள்ளை எதில் பள்ளிக்குப் போகிறது. நான்கில் எது நடக்கும் என்று விழுக்காடு ஒட்டாதீர்கள்.

தமிழில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'இங்கே தண்ணீர் நிற்கும்' என்றால் வழக்கமாக நிற்கிறது என்றும் பொருள், இனிமேல் நிற்கப்போகிறது என்றும் பொருள். படிக்கும்போது முன்வரியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். காதில் விழும்போது அந்த வாய்ப்பு இல்லை. எழுத்துப்படி முடிந்ததும் '-உம்' என்று முடியும் ஒவ்வொரு வினையையும் வட்டமிடுங்கள். வழக்கம் என்றால் 'மழைக்காலத்தில் நிற்கிறது' என்று மாற்றுங்கள். உறுதி இல்லையென்றால் 'நிற்கலாம்'. நிபந்தனை இருந்தால் அதை வாக்கியத்தின் தலையில் வையுங்கள்: 'வடிகாலை அகலப்படுத்தாவிட்டால், 2040இல்…'

கேள்வி: நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் ஒரு மைக் வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு. முழுக்க முடியாது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் உங்கள் குரலைவிட அறையின் குரல்தான் கூடுதலாகப் பதிவாகியிருக்கும். எதிரொலி நீக்கும் மென்பொருள் கொஞ்சம் உலர்த்தித் தரும், அழுத்திப் பிடித்தால் சொற்களின் கடைசி எழுத்தை விழுங்கிவிடும். தமிழில் காலமும் இடமும் வேற்றுமையும் சொல்லின் வாலில்தானே இருக்கின்றன!

அடுத்த முறை ஆளுக்கொரு மைக். வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ., நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'ப', 'ம்ப' வரும் இடங்களில் காற்று மோதி 'பொத்'தென்று கேட்கும். ஒலித்தடுப்பு செய்யாத அறைக்கு டைனமிக் மைக்கே போதும். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக் துல்லியமானதுதான், ஆனால் அடுத்த அறைக் குக்கர் விசிலையும் அதே துல்லியத்தோடு பிடிக்கும். இரண்டு மைக்குக்கு நடுவே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் சிறு கால வித்தியாசத்தில் விழுந்து, சேர்க்கும்போது தகரக் குழாயில் பேசுவதுபோல் ஆகும்.

ஒவ்வொரு மைக்கையும் தனி டிராக்கில் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உரக்கப் பேசும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். சிரிப்புக்கு மேலே இடம் வேண்டும். சிவப்பைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியை மீட்பது பெரும்பாடு. இந்த அளவில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. எடுக்கும், நான்கு பேர் ஒரு மணி நேரம் பேசினால் சுமார் 2 ஜி.பி. அட்டையில் அதைப்போல் இரு மடங்கு காலியிடம் இருக்கட்டும்.

அறையில் திரை, மெத்தை, புத்தக அலமாரி இருப்பது நல்லது. கண்ணாடிச் சன்னலைப் பார்த்து உட்காராதீர்கள். ஏசி, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது பழைய தந்திரம், மறந்து வீட்டுக்குப் போக முடியாது. கிளம்புமுன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும். வெறும் மௌனத்தை வைத்தால் இணைப்பு அறுந்ததுபோல் கேட்கும்.

தொலைவிலிருந்து சேருபவர் இணைய அழைப்பில் பேசட்டும், ஆனால் தம் குரலைத் தம் பக்கத்திலேயே தனியாகப் பதிந்து கோப்பை அனுப்பட்டும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு. இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. முதல் தட்டைப் பொருத்திவிட்டுக் கடைசித் தட்டைப் பார்த்தால் எவ்வளவு நழுவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அறைக்குள் பேசுவதோடு நிற்காமல் தெருவின் ஓசையையும் சேர்க்க ஆசை. பேச்சுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் போட்டால் போதுமா?

போதாது. பின்னணி அலங்காரமாக ஓடும் ஹாரன் இரண்டாம் நிமிடத்தில் எரிச்சல் தரும். ஓசையைச் சான்றாக வையுங்கள். ஒரே நாற்சந்தி, ஒரே மூலை, ஒரே மைக் உயரம், கருவியில் ஒரே ஒலியளவு அமைப்பு. விடிகாலை ஐந்து மணிக்கு மூன்று நிமிடம், மாலை ஆறு மணிக்கு மூன்று நிமிடம். ஒலிப்பதிவுக் கருவியின் தானியங்கி அளவுச் சரிப்படுத்தலை அணைத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் அமைதியான காலையை அதுவே தூக்கிப் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும், ஒப்பீடு பாழ்.

மின்வாகனம் பற்றிய அத்தியாயத்துக்கு இது கைகொடுக்கும். 'எல்லாம் மின்சாரமானால் நகரம் அமைதியாகிவிடும்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். மெதுவாகப் போகும் வண்டியில்தான் இயந்திர ஓசை மேலோங்கும். மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டினால் காரில் கேட்பது பெரும்பாலும் டயரும் சாலையும் உரசும் ஓசை. பேட்டரி வைத்தாலும் அது போகாது. மெதுவாகப் போகையில் ஓசையே இல்லாததும் சிக்கல்: பார்வையற்றவர்களுக்கு வண்டி வருவது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மாதிரி மின்கார்கள் மணிக்கு 20 கி.மீ. வேகம்வரை செயற்கையாக ஒலியெழுப்ப வேண்டும் என்று விதித்தது அதனால்தான். எதிர்காலத் தெருவின் ஓசையை யாரோ உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள்!

வெளியே போகும்போது மைக்குக்கு மென்மயிர்க் காற்றுறை கட்டாயம். பஞ்சுறை அறைக்குள் போதும், வெளிக்காற்றில் நிற்காது. கருவியைக் கையில் பிடித்தால் விரல் நகர்வதும் பதிவாகும், சிறு முக்காலியில் நிறுத்துங்கள். ஹெட்போன் மாட்டாமல் பதிவு செய்யாதீர்கள். வழியில் பேசுபவரிடம் இசைவு கேட்பதையும் அவர் ஒப்புக்கொள்வதையும் ஒலியாகவே பதிந்து வையுங்கள். வெளியேற்றத்துக்கு அஞ்சும் குடியிருப்பில் பேசினால் வீட்டு அடையாளம் தரும் எதையும் வெளியிட வேண்டாம்.

கேள்வி: எழுத்துத் தமிழில் படித்தால் செய்தி அறிக்கைபோல் இருக்கிறது. பேச்சுத் தமிழில் போனால் நிபுணர்கள் தயங்குகிறார்கள்.

உரையாடல் பேச்சுத் தமிழில், இடையில் வரும் விளக்கவுரை எளிய பொதுத் தமிழில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிபுணர் தயங்குவது பெரும்பாலும் எழுதி வைத்துப் படிப்பதால். தாளைப் பிடுங்கிவிட்டு, எண்ணும் பெயரும் மட்டும் உள்ள சிறு குறிப்பைக் கொடுங்கள். நேரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் என்பார்கள். தமிழில் ஒரு சொல்லே நான்கு சொல்லின் வேலையைச் செய்வதால் அந்தக் கணக்கு உதவாது. உங்கள் குரலில் ஒரு பக்கம் வாசித்துக் கடிகாரம் பாருங்கள், அதுவே உங்கள் அளவு.

கேள்வி: எண்களைக் கேட்டால் நேயர்கள் தொலைந்துபோகிறார்கள் என்கிறார்கள். தவிர்த்துவிடலாமா?

வேண்டாம், குறையுங்கள். நிமிடத்துக்கு ஒன்று, அதையும் கையில் பிடிக்கும்படி. 'மழை 100 மி.மீ.' என்பதைவிட, 'ஒரு சதுர மீட்டருக்கு நூறு லிட்டர்' பிடிபடும். ஒரு ஹெக்டேரில் அதே மழை பத்து லட்சம் லிட்டர். 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் 100 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. மறு ஆண்டே மேகவெடிப்பைச் சமாளிக்கும் திட்டம் ஒன்றை அந்த நகரம் வகுத்தது: பூங்காவும் தெருவும் சில மணி நேரம் நீரைத் தாங்கி நிற்கட்டும் என்பது அதில் ஒரு பகுதி. இந்த வரிசையில் சொன்னால் எண் கதையை இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: இறுதி வடிவத்தை ஆறு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒரு அத்தியாயம் ஐந்து முறை மாறி, உயிரே போய்விட்டது.

ஒப்புதலை இரண்டாகப் பிரியுங்கள். உண்மை சரியா என்பதில் அந்தத் துறைக்காரர் சொல்வதே முடிவு. அவர் வேண்டாமென்றால் அந்த வரி போகும். ஆனால் தம் துறைக்குள் மட்டும். ஓட்டம், நீளம், எது முதலில் என்பதெல்லாம் அந்த அத்தியாயத்துக்குப் பொறுப்பான தயாரிப்பாளர் ஒருவர் கையில். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்தப் பொறுப்பு சுற்றிவரட்டும்.

திருத்தத்தைத் தாளிலேயே முடித்துவிடுங்கள். பதிவை எழுத்தாக்கி, நேரக் குறியோடு அனுப்பி, வெட்டவேண்டியதைக் கோடிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒலியில் வெட்டிய பிறகு வரும் கருத்துக்கு நாலு மடங்கு நேரம் பிடிக்கும். தானியங்கி எழுத்தாக்கம் பெயரிலும் எண்ணிலும்தான் அதிகம் தடுமாறுகிறது, அவ்விரண்டையும் கட்டாயம் காதால் சரிபாருங்கள். இந்த எழுத்து வடிவத்தையே அத்தியாயத்தோடு வெளியிட்டால் காது கேளாதவர்களுக்கும் பயன்படும். சொன்னதைத் திருப்பிப்போடும் வெட்டு மட்டும் கூடாது: 'ஆனால்' என்று தொடங்கும் நிபந்தனையை வெட்டிவிட்டு முன்பாதியை வைப்பதுதான் குழுக்கள் உடையக் காரணம்.

கேள்வி: வெளியிடும் கோப்பு எப்படி இருக்க வேண்டும்?

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுங்கள், தெருவின் உறுமலும் மேசை அதிர்வும் போகும். சராசரி உரப்பு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல். எம்பி3யாக ஸ்டீரியோ 128 கிலோபிட் என்றால் அரை மணி நேர அத்தியாயம் சுமார் 29 எம்.பி.; பேச்சு மட்டும் என்றால் மோனோ 64 போதும், பாதியாகக் குறையும். ஆனால் தெருவின் ஓசையைச் சான்றாக வைத்த அத்தியாயத்தை 64இல் சுருக்காதீர்கள். மழையும் கூட்டமும் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் ஆகிவிடும். அட்டைப்படம் சதுரம், 1,400 முதல் 3,000 பிக்சல். கட்டைவிரல் நக அளவில் சுருக்கிப் பார்த்தும் தலைப்பு வாசிக்க முடிய வேண்டும். ஏற்றுமுன் ஒருமுறை செல்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில், நடந்துகொண்டே கேளுங்கள்.